கூட்டாளியா, கூட்டமா? இடைநிலைப்பள்ளி நட்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் செந்தூலில், சனிக்கிழமைகளில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பாடம் கணக்கும் அறிவியலும். ஆனால் வகுப்பு முடிந்தபின் பெற்றோர் நின்று கேட்பது பெரும்பாலும் வேறு விஷயம்: பிள்ளையின் கூட்டாளி சரியில்லை, அவனோடு சேர்ந்தால் மற்றவர்கள் கேலி செய்கிறார்களாம், நன்றாகப் பழகியவர்கள் திடீரென்று பேசுவதில்லை. பிள்ளைகளும் தனியாக வந்து கேட்பதுண்டு. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். யார் என்று தெரியாதபடி சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

பொருந்தாத நட்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

நான் சொல்வதில்லை, மற்றவர்கள்தான் சொல்கிறார்கள். "பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும்" என்று ஆரம்பிக்கும் அப்பாக்கள், தங்கள் பிள்ளைதான் பூ என்று முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். அந்த நார் வீட்டு அப்பாவும் அதே பழமொழியோடு வந்து நிற்பார் என்பது தனிக்கதை.

பள்ளிக்குள் பிள்ளைகள் போட்டுவைத்திருக்கும் கோடுகள் வேறு மாதிரி. மதிப்பெண் வரிசையில் பிரித்த முதல் வகுப்பு, கடைசி வகுப்பு. தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்தவன், சீனப்பள்ளியில் படித்துவிட்டு வந்த தமிழ்ப் பையன். வீட்டில் தமிழ் பேசுகிறவள், ஆங்கிலம் பேசுகிறவள். அப்புறம் இனம். எல்லாவற்றையும்விடக் கறாரான கோடு ஒன்று உண்டு: கழுத்தில் டை கட்டிய மாணவர் தலைவர்கள், அதாவது பிள்ளைகள் வாயில் 'பெங்காவாஸ்', ஒரு பக்கம். அவர்கள் யார் பெயரை எழுதிக்கொடுக்கிறார்களோ, அந்தப் பையன்கள் மறுபக்கம். இந்தக் கோடுகளில் ஒன்றைத் தாண்டிப் பழகினால் அது பொருந்தாத நட்பு.

தமிழ்ப்பள்ளியில் படிக்கும்போது இந்தப் பிரச்சினையே இல்லையே, இங்கே மட்டும் ஏன்?

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகளும் ஏறக்குறைய அதே முகங்கள். யார் வீட்டில் யார் என்பதுவரை தெரியும். முதலாம் படிவத்தில், அதாவது இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டில், காலெடுத்து வைத்ததும் ஒரே வளாகத்தில் நூற்றுக்கணக்கான பேர், பாடங்கள் பெரும்பாலும் மலாயில். மலாய்மொழியில் தேவையான தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு இருந்துவிட்டு வருவார்கள். அந்த ஓராண்டு பின்தங்கல் ஐந்தாம் படிவம்வரை சிலர் மனதில் உட்கார்ந்திருக்கும். வகுப்பில் ஒருவன் மலாயில் சொன்ன நகைச்சுவை புரிவதற்குள் மற்றவர்கள் சிரித்து முடித்துவிடுவார்கள். அந்த மாதிரி இடத்தில் தமிழ் பேசும் ஒரு கும்பல் ஓய்வு நேரத்தில் சிற்றுண்டிச்சாலையின் ஒரு மேசையைப் பிடித்து வைத்திருந்தால், அங்கே போய் உட்காராமல் எங்கே போவான்? கும்பல் கெட்டது என்று எடுத்த எடுப்பில் சொல்லாதீர்கள். முதல் ஆண்டில் பிள்ளையைத் தனியாக விடாமல் பார்த்துக்கொண்டது அதுதான்.

வயதும் ஒரு காரணம். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்தபின் எவ்வளவு தூரம் துணிந்து ஓட்டுகிறார்கள் என்று பார்த்தார்கள். 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆபத்தை எடுத்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் பார்க்கும் பிள்ளையும் கூட்டாளிகளோடு நிற்கும் பிள்ளையும் வேறு வேறு என்று அம்மாக்கள் சொல்வதைத்தான் அவர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள்.

கோட்டைத் தாண்டி இரண்டு பேர் எப்படித்தான் நண்பர்களாகிறார்கள்?

நான் அறிந்த இரண்டு பையன்களைப் பற்றிச் சொல்கிறேன். இருவரும் அப்போது மூன்றாம் படிவம். ஒருவன் நம் பையன், கடைசி வகுப்பு, தாமதமாக வருவதற்குப் பெயர்போனவன். அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விடுவதால் தம்பியைத் தமிழ்ப்பள்ளியில் விட்டுவிட்டுத்தான் தன் பள்ளிக்கு வருவான். மற்றவன் சீனப் பையன், முதல் வகுப்பு, பெங்காவாஸ். காலையில் கேட் அருகில் நின்று தாமதமாக வருபவர்களின் பெயர் எழுதுவது அவன் வேலை. ஆக, இவன் பெயரை எழுதியே அவனுக்கு இவனைத் தெரியும்.

சீருடை இயக்கம் ஒன்றில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்தாக வேண்டும் அல்லவா? இருவரும் சேர்ந்தது செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற முதலுதவி இயக்கம். முதலுதவிப் பயிற்சியில் ஆசிரியர் இருவர் இருவராகப் பிரித்தபோது ஜோடியாக மாட்டிக்கொண்டார்கள். முக்கோணத் துணியால் கையைத் தூக்கிக் கட்டும் பாடம். துணியின் இரு முனைகளையும் முதலில் வலதை இடதின்மேல், பிறகு இடதை வலதின்மேல் போட்டு முடிய வேண்டும். சீனப் பையன் இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டான். அப்படிப் போட்டால் முடிச்சு குறுக்கே திரும்பிக்கொள்ளும், இழுத்தால் வழுகும். எல்லாத் தேர்வுகளிலும் ஏ வாங்குகிறவன், இதில் மூன்று முறை தோற்றான். நோயாளியாகப் படுத்திருந்த நம் பையன் எழுந்து உட்கார்ந்து, "புக்கான் மாச்சாம் இனி லா" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிக் காட்டினான். இப்படி இல்லையடா என்று அர்த்தம். அவ்வளவுதான் தொடக்கம்.

இன வெறுப்பு எப்படிக் குறையும் என்று ஆராய்ந்த கோர்டன் ஆல்போர்ட் 1954-ல் நான்கு நிபந்தனைகளைச் சொன்னார்: இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும், அதைச் சேர்ந்து செய்ய வேண்டும், மேலே இருப்பவர்கள் அதை ஆதரிக்க வேண்டும். வகுப்பறையில் இந்த நான்கும் அபூர்வமாகத்தான் கூடிவரும். ஸ்ட்ரெச்சரின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்களுக்கு நான்கும் கிடைத்துவிடுகின்றன. பொதுப் பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைகளுக்கு 10 விழுக்காடு மதிப்பெண் என்பதற்காக மட்டும் பிள்ளையைச் சீருடை இயக்கத்துக்கு அனுப்பும் பெற்றோர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூட்டாளிகள் அப்படி என்னதான் செய்கிறார்கள்? அடிக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. அடித்தால் ஆசிரியரிடம் சொல்வது சுலபம். இது அதைவிடச் சிறியது.

அதே பையனுக்கு நடந்தது இது. முதலில் வெறும் கேலி: "டேய், உன் பெங்காவாஸ் மாப்ள வர்றான் பாரு." பிறகு சோதனை: "உன் கூட்டாளிதானே, நாளைக்கு எங்க பேரை எழுதாம விடச் சொல்லு." சொன்னால் நண்பனைப் பயன்படுத்திய மாதிரி, சொல்லாவிட்டால் கும்பலைக் கைவிட்ட மாதிரி. அவன் சொல்லவில்லை. அடுத்த வாரம் கும்பலில் ஒருவன் பின்கட்டில் சிகரெட்டோடு பிடிபட்டான். போட்டுக்கொடுத்தது இவன்தான் என்று பேச்சு கிளம்பியது. மேசையில் இவன் உட்கார வந்தால் பையைத் தூக்கிக் காலி இடத்தில் வைப்பார்கள்.

எதிர்ப் பக்கத்தில் நடந்ததைப் பெரியவர்கள் கவனிப்பதில்லை. சீனப் பையனுக்கும் மற்ற பெங்காவாஸ்கள் நெருக்கடி கொடுத்தார்கள். இவன் தாமதமாக வந்த ஒரு நாள் பெயர் எழுதப்படவில்லை என்று யாரோ கிளப்பிவிட, அவன் நியாயமானவன் என்பதைக் காட்ட நண்பன் பெயரை மற்றவர்களைவிடக் கறாராக எழுத ஆரம்பித்தான். நல்ல பிள்ளைகளின் கூட்டமும் கூட்டம்தான். அங்கேயும் மேசை இருக்கிறது, பை வைக்கும் காலி இடமும் இருக்கிறது.

"சும்மா ஜோக்" என்கிறார்களே, பெரிதுபடுத்த வேண்டுமா?

கேலிக்கு உள்ளானவன் திருப்பிக் கேலி செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஜோக். ஒரே ஆள் மட்டும் தினமும் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தால் அது பகடிவதையின் (புல்லிங்) வாசல்.

என் மகன் கூட்டத்தோடு சேர்ந்து தன் நண்பனைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். துரோகம் செய்துவிட்டானா?

மேலே சொன்ன கதையில் நடந்ததும் இதுதான். ஒருநாள் கும்பல் அந்தச் சீனப் பையனின் பெயர்ப் புத்தகத்தைப் பிடுங்கி லோங்காங்கில் போட்டது. (வடிகாலை இங்கே யாரும் வடிகால் என்று சொல்வதில்லை.) நம் பையன் பிடுங்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சிரித்தான். "எல்லாரும் சிரிச்சாங்க, எனக்கும் வந்துருச்சு சார்" என்றான் என்னிடம். பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1951-ல் வெளியிட்ட சோதனையை உயர்நிலைப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதுண்டு. ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பார்கள். குழந்தைக்கும் பதில் தெரியும். ஆனால் அறையில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் ஏற்பாடு செய்யப்பட்ட ஆட்கள், வேண்டுமென்றே தவறான பதிலைச் சொல்வார்கள். நிஜமாகச் சோதிக்கப்பட்ட அந்த ஒருவர், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை, கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலைச் சொன்னார். அவர்கள் எல்லாரும் கல்லூரி மாணவர்கள், கூட்டத்தில் இருந்தவர்கள் முன்பின் தெரியாதவர்கள். பதினைந்து வயதுப் பையன், தினமும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் முன்னால் என்ன செய்வான்?

பிள்ளைகளுக்கு நான் அழுத்திச் சொல்வது அந்தச் சோதனையின் இரண்டாம் பகுதியை. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், தவறாகத் தலையாட்டுவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்தது. அதனால் "நீ தனியா நின்னு எதிர்த்திருக்கணும்" என்று மகனைத் திட்டுவதைவிட, அந்தக் கும்பலில் சிரிக்காமல் நின்ற இன்னொருவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒருவன் இருப்பான். அவனிடம் முதலில் பேசச் சொல்லுங்கள்.

துரோகமா என்றால், ஆம், நண்பனுக்கு அது துரோகமாகத்தான் வலித்திருக்கும். மகன் கெட்டவன் என்று அதற்கு அர்த்தம் இல்லை. இரண்டும் உண்மை.

பள்ளியில் பேசிக்கொள்வதில்லை, வெளியே மட்டும் பழகுகிறார்கள். இது ஒரு நட்பா?

மாணவிகள் இதை அதிகம் கேட்கிறார்கள். இருவர் செந்தூல் தீமோர் நிலையத்தில் எல்ஆர்டி ரயில் ஏறுவதிலிருந்து இறங்கும்வரை வாய் ஓயாமல் பேசுவார்கள். பள்ளி கேட் தெரிந்ததும் ஒருத்தி முன்னால் போய்விடுவாள், மற்றவள் காலணிக் கயிற்றைக் கட்டுவது போல் பின்தங்குவாள். உள்ளே முன்பின் தெரியாதவர்கள்.

"ஒளிச்சு வைக்கிறது நட்பே இல்ல" என்று நிறையப் பேர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். பெரியவர்கள் நமக்கே அலுவலகத்தில் காட்டிக்கொள்ளாத நண்பர்கள் உண்டு. நான் கேட்பது ஒரே கேள்வி: ஒளிப்பது என்று யார் முடிவு செய்தது? இருவரும் பேசி, "உள்ளே வேண்டாம், எல்ஆர்டியில் பேசலாம்" என்று ஒத்துக்கொண்டிருந்தால் அது ஒரு ஏற்பாடு. கூட்டத்தின் கையில் சிக்காமல் நட்பைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒருத்தி மட்டும் முடிவெடுத்து, மற்றவள் அதை முதுகைப் பார்த்துத் தெரிந்துகொண்டால், அது அவமானம். செயல் ஒன்றுதான், வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு வித்தியாசமே தெரியாது. அதனால்தான் அவர்களையே கேட்க வேண்டும்.

ஏற்பாட்டுக்கும் ஒரு எல்லை வேண்டும். கூட்டம் நண்பியைப் பற்றிக் கேவலமாகப் பேசினால் கூடவே பேசக்கூடாது, சிரிக்கவும் கூடாது, அங்கிருந்து எழுந்து போய்விடலாம் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளச் சொல்கிறேன். எதிர்க்கத் தைரியம் வேண்டும், எழுந்து போகத் தண்ணீர்ப் போத்தல் காலியாக இருந்தால் போதும்.

எனக்கு அந்தக் கும்பலும் வேண்டும், அவனும் வேண்டும். என்ன சொல்லிச் சமாளிப்பது?

நீளமாக விளக்கம் சொல்லாதே தம்பி. விளக்கம் சொல்லச் சொல்ல, கேட்கிற உரிமை அவர்களுக்கு இருப்பதாக ஆகிவிடும். "அவன் என் கூட்டாளி, விடு மச்சான்" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போ. பந்தாட்டம், சாப்பாடு, எதுவானாலும் சரி. முகத்தில் கோபம் தெரிந்தால் நாளைக்கும் அதையே கிளப்புவார்கள். நண்பனிடமும் முதலிலேயே சொல்லி வை: "இவங்க இப்படிப் பேசுவாங்க, நான் சேர்ந்து பேசமாட்டேன்." அவன் வேறு யார் வாயிலிருந்தோ கேட்பதற்கு முன்னால் உன் வாயிலிருந்து கேட்கட்டும்.

இது வெறும் கும்பல் இல்லை, கேங் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மற்ற பதில்களில் உள்ள பொறுமை இங்கே பொருந்தாது. எண்களைப் பெயராக வைத்திருக்கும் குண்டர் கும்பல்கள் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 2013-ல் உள்துறை அமைச்சு சட்டவிரோதமான 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டபோது அவற்றில் 04, 08, 36 எல்லாம் இருந்தன. பையன் நோட்டுப் புத்தகத்தில் எண்களை அலங்காரமாக வரைகிறானா, பள்ளிக்கு வெளியே உள்ள 'அண்ணன்' ஒருவரைப் பற்றிப் பேசுகிறானா, வாரம் தவறாமல் பணம் கேட்கிறானா, "இன்னாரை அடித்தால்தான் நீ எங்களில் ஒருவன்" என்ற பேச்சு காதில் விழுகிறதா என்று பாருங்கள். கேலி செய்யும் கூட்டம் நண்பனை விட்டுவிடச் சொல்லும். கேங், அந்த நண்பனையே அடிக்கச் சொல்லும். இப்படி ஏதாவது தெரிந்தால் பிள்ளையை உளவாளியாக்காதீர்கள், நீங்களே பள்ளிக்கும் தேவைப்பட்டால் போலீசுக்கும் போங்கள்.

வாட்ஸ்ஆப் குழுவில் நண்பனைப் பற்றி மீம் போடுகிறார்கள். என் மகள் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

பகிராமல் இருப்பது முதல் படி, குழுவை விட்டு வெளியேறுவது இரண்டாவது. வெளியேறுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கட்டும். 2025 ஜூலை முதல், மிரட்டலும் இழிவான சொற்களும் கொண்ட பகடிவதை நம் தண்டனைச் சட்டத்தில் தனிக் குற்றமாகச் சேர்ந்துவிட்டது. கைப்பேசியில் செய்தாலும் குற்றம்தான். இதைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டியதில்லை, தெரிந்து வைத்திருக்கட்டும்.

பள்ளியில் யாரிடம் முதலில் பேசுவது?

கட்டொழுங்கு ஆசிரியரிடம் நேராகப் போகிற பெற்றோர்தான் அதிகம். கும்பலைக் கூப்பிட்டு வரிசையில் நிற்க வைப்பார், அன்று மதியமே உங்கள் பிள்ளை 'போட்டுக்கொடுத்தவன்' ஆகிவிடுவான். அடி, மிரட்டல், பணப்பறிப்பு இல்லாதவரை வழிகாட்டி ஆலோசக ஆசிரியரிடம் போங்கள். யார் சொன்னது என்று வெளியே தெரியாமல் கையாள அவருக்கு வழி இருக்கிறது. இரண்டு பிள்ளைகளையும் ஒரே நேரத்தில், மற்றவர்கள் கண்ணில் படும்படி அறைக்கு அழைக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று இருந்தால் காத்திருக்காதீர்கள். தாலியான் காசே உதவி எண் 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். மனம் உடைந்தவர்கள் பேசுவதைக் கேட்கும் பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பின் எண் 03-7627 2929. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, பிள்ளையே கூப்பிடலாம்.

முறிந்துபோன நட்பை ஒட்டவைக்க முடியுமா?

சில சமயம். லோங்காங் கதையில் நம் பையன் கொஞ்ச நாள் கழித்து மன்னிப்புக் கேட்டான். முதல் முறை "அவங்கதான் போட்டாங்க, நான் ஒண்ணும் பண்ணல" என்று ஆரம்பித்திருக்கிறான், சீனப் பையன் எழுந்து போய்விட்டான். இரண்டாம் முறை, சீருடை இயக்க நாளில், "நான் சிரிச்சேன், தப்பு" என்று மலாயில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டான். பதிலுக்கு ஒரு தலையசைப்பு. அந்தத் தவணை முழுக்க வேறு ஜோடிகளோடுதான் பயிற்சி செய்தார்கள். நான்காம் படிவத்தில் மறுபடி பேச்சு வந்தது, பழையபடி இல்லை என்று அவனே சொல்கிறான். கும்பலோடு இன்னும் சாப்பிடுகிறான், அவன் வந்தால் அவர்கள் இப்போது காலி இடத்தில் பை வைப்பதில்லை.

பெற்றோர், பிள்ளைகள் இருவரையும் உட்காரவைத்துக் கைகுலுக்கச் செய்வது வேலைக்கு ஆகாது. பெரியவர்கள் முன்னால் குலுக்கிய கையை வெளியே போய்த் துடைத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளையை வீட்டுக்கு அழைக்கலாமா? வேறு இனம், பாட்டி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அழையுங்கள். தீபாவளித் திறந்த இல்லம்வரை காத்திருக்க வேண்டாம். அன்று கூட்டத்தில் முறுக்கைக் கொடுத்து அனுப்பிவிடுவீர்கள், பழக நேரம் இருக்காது. சாதாரண சனிக்கிழமை மதியம் போதும். மலாய்ப் பிள்ளை என்றால் என்ன சாப்பிடலாம் என்று உங்கள் பிள்ளையை முன்பே கேட்கச் சொல்லுங்கள். தயக்கம் இருந்தால் பக்கத்து மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) ரொட்டி சானாய் வாங்கிவைத்தால் விஷயம் முடிந்தது. பாட்டியிடம் முதல் நாளே பேசிவிடுங்கள், வந்த பிறகு கண்ணைக் காட்டினால் பாட்டி இன்னும் சத்தமாகப் பேசுவார். வந்த பிள்ளையிடம் எந்த வகுப்பு, எத்தனை ஏ, அப்பா என்ன வேலை என்ற மூன்று கேள்விகளையும் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் கொஞ்ச நேரம் அவர்களை விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுங்கள்.